‘களைக்குது’ என்ற ஒரு சொல்: கல்லடி நடைக்குழுவில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நான் மட்டக்களப்பில் உடற்கல்வி படிப்பிக்கிறேன். அதோடு கல்லடியில் பெண்களுக்கான காலை நடைக்குழு ஒன்றையும் சில வருஷமாக நடத்திவருகிறேன். சந்தா கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. 14 பேர், வாரத்தில் ஐந்து நாள், விடிய 5.15க்குக் கடற்கரை வீதியில் கூடி ஆறு மணிக்குள் வீடு திரும்பிவிடுவோம், பாதிப்பேர் பிள்ளைகளைப் பள்ளிக்கு வெளிக்கிடுத்த வேண்டும். கீழே வரும் அக்காவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன், இரண்டு இடத்தில் “அப்படி இல்ல ரீச்சர்” என்றார், அந்த இரண்டையும் திருத்தியிருக்கிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

அவர் 2024 பெப்ரவரியில் எங்களோடு சேர்ந்தார். வயது 53. ஏழு வருஷமாகச் சீனி வருத்தம், மெட்ஃபோர்மின் குளிசை எடுக்கிறார். கணவர் 2021இல் திடீரென்று இறந்துவிட்டார். மகன் கட்டாரில் வேலை, மகளும் பேத்தியும் கூட இருக்கிறார்கள். கிளினிக்கில் வாரத்துக்கு 150 நிமிஷம் நடக்கச் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் ஆகக் குறைந்த அளவும் அதுதான். மகன் அதைக் கேள்விப்பட்டு, இதயத்துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம் ஒன்றை அனுப்பியிருந்தான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இவர் நடக்கத் தெரியாதவர் அல்ல. நாற்பது வயதில் உகந்தையிலிருந்து காட்டுவழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போய் வந்தவர். ஆனால் அது எனக்குத் தெரியவந்தது மூன்று மாதம் கழித்துத்தான். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முதல் வாரங்களில் கண்டது

முதல் நாள் ஒன்பதாவது நிமிஷத்தில் நின்றார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு “தங்கச்சி, களைக்குது” என்றார். முகம் வெளிறி, உதடு காய்ந்து, விரல் நுனியெல்லாம் விறைக்குது என்றார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஈசிஜி எடுத்தார்கள், பிழை எதுவும் இல்லை. ஒரு கிழமைக்குப் பிறகு இரண்டாவது தடவை, அதற்கு ஐந்து நாளில் மூன்றாவது தடவை. ஒவ்வொரு முறையும் எட்டுக்கும் பத்துக்கும் இடைப்பட்ட நிமிஷம்தான்.

நான் அவரைத் திரும்ப நடக்கவிடவில்லை. வயது ஐம்பதுக்கு மேல், சீனி வருத்தம், நடக்கும்போது நெஞ்சுப் படபடப்பும் மூச்சுத் திணறலும் என்றால் முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும், இதில் வேறு பேச்சே இல்லை. சீனி வருத்தக்காரருக்கு நெஞ்சு நோகாமலே மாரடைப்பு வரலாம். கிளினிக்கில் எக்கோ செய்தார்கள், ஓடுபட்டியில் (ட்ரெட்மில்) நடக்கவைத்து ஈசிஜி எடுத்தார்கள், இரத்தச்சோகையும் தைரொய்டும் பார்த்தார்கள். எல்லாம் சரி. சீனி இறங்கினாலும் வியர்த்து நடுங்கிப் படபடக்கும் என்பதால் வைத்தியர் சொன்னபடி சீனி பார்க்கும் மெஷினை நான் பையில் கொண்டுதிரிந்தேன். அவர் நடக்கலாம் என்று வைத்தியர் சொன்ன பிறகு, அடுத்த தடவை நின்றபோது உடனே குத்திப் பார்த்தோம்: 136 mg/dL, இறங்கவில்லை. அதுவும் இல்லை.

ஓடுபட்டியில் நடந்ததைப் பற்றி அவர் சொன்ன ஒன்றை நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்கே எங்கள் குழுவை விட வேகமாக, ஏற்றத்தில் நடக்க வைத்திருக்கிறார்கள், ஆனால் பயம் வரவில்லையாம். “டொக்டர் பக்கத்தில நிக்கிறார்தானே, என்ன நடந்தாலும் அவர் பாப்பார்.” அந்த ஒரு வசனத்தில் பாதி விடை இருந்தது.

நாங்கள் போட்ட பிழையான கணக்கு

இதயம் நல்லாயிருக்கிறது என்றதும் குழுவில் எல்லாருக்கும் ஒரே எண்ணம்தான் வந்தது, எனக்கும்தான். அவர் 2004இல் நாவலடிப் பக்கம் இருந்தவர். சுனாமியில் கடல் வந்த அன்று ஓடித் தப்பியவர், இரண்டு உறவுகளைக் கொடுத்தவர். விடியப்புறம், இருட்டு, பக்கத்தில் கடல் இரைகிறது, ஆட்கள் வேகமாக நடக்கும் காலடிச் சத்தம், மூச்சிரைப்பு. வேறென்னவாக இருக்கும்? மட்டக்களப்பில் ஒருவருக்கு மனதில் ஏதாவது என்றால் நாங்கள் முதலில் போய் நிற்கிற இடம் அதுதான், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவெடுத்தேன். முழுக் குழுவையும் கடற்கரையிலிருந்து எடுத்து, பாலத்துக்கு அந்தப்பக்கம் காந்திப் பூங்கா வாவிக்கரைக்கு மாற்றினேன்.

மூன்று வாரம் வாவிக்கரையில் நடந்தோம். ஒன்றும் மாறவில்லை. அதே ஒன்பதாவது நிமிஷம், அதே “களைக்குது”. உண்மையில் கடற்கரையில் நடந்த நாட்களில் அவர் நின்றுபோனால் மணலில் கடலைப் பார்த்தபடி இருந்துதான் ஆறியிருக்கிறார். அதை நான் கண்ணால் கண்டும் யோசிக்கவில்லை. இந்த மூன்று வாரமும் வீணாகப் போனது என் அவசரத்தால்தான். அதைவிட மோசம், குழுவில் எல்லாரும் அவரைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக் கதைக்கத் தொடங்கினார்கள், அது அவருக்குப் பிடிக்கவே இல்லை.

இரண்டு கேள்விகள்

அப்புறம்தான் என் படிப்புக் காலத்துக் கொப்பியைத் தேடி எடுத்தேன். உடற்பயிற்சியின்போது ஒருவர் எப்படி இருக்கிறார் என்று கேட்க இரண்டு அளவுகோல் இருக்கின்றன, இரண்டும் வேறு வேறு. ஒன்று சுவீடன் உளவியலாளர் குன்னர் போர்க் செய்தது: 6 முதல் 20 வரை, உடம்பு எவ்வளவு பாடுபடுகிறது என்று நீங்களே ஒரு எண் சொல்வது. மற்றது ஹார்டியும் ரெஜெஸ்கியும் 1989இல் வெளியிட்டது: சக ஐந்திலிருந்து (+5) சய ஐந்து (−5) வரை, இப்போது நல்லாயிருக்கிறதா மோசமாயிருக்கிறதா என்று சொல்வது. எவ்வளவு கஷ்டம் என்பது ஒரு கேள்வி. எப்படி இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. கடும் வேலை செய்துகொண்டே ஒருவர் சந்தோஷமாக இருக்கலாம், வயலில் கதிர் வெட்டுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

இரண்டு கேள்வியையும் நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை எல்லாரிடமும் கேட்டேன், அக்காவைத் தனியாகப் பிடித்துக் கேட்டால் அது வேறு மாதிரிப் போய்விடும் என்று. முன்னால் நடக்கும் இரண்டு பேரில் ஒருவர் கஷ்டம் 15, உணர்வு சக 3 என்றார். அக்கா எட்டாவது நிமிஷத்தில் சொன்னது: கஷ்டம் 12, உணர்வு சய 4.

கொப்பியில் இதை எழுதிவிட்டு நின்றுவிட்டேன். 12 என்பது இலேசுக்கும் கொஞ்சம் கஷ்டத்துக்கும் இடைப்பட்ட நடைதான். உடம்பு அவ்வளவாகப் பாடுபடவே இல்லை, ஆனால் இவர் கிட்டத்தட்ட அடிமட்டத்தில் இருக்கிறார். அப்படியென்றால் அந்தச் சய 4 காலிலிருந்தோ நுரையீரலிலிருந்தோ வரவில்லை.

இதற்கு ஒரு விளக்கம் உண்டு. எக்கெகாக்கிஸ் என்ற ஆய்வாளர் பல வருஷமாக இதைத்தான் பார்த்துவருகிறார். பேச்சு முட்டத் தொடங்கும் எல்லையைத் தாண்டிக் கடுமையாகப் போனால் கிட்டத்தட்ட எல்லாருக்குமே மோசமாகத்தான் இருக்கும், அங்கே உடம்பின் குரல் மட்டும்தான் கேட்கும். அந்த எல்லையின் கிட்டத்தில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வருகிறது, அங்கேதான் மனதில் ஓடுவது கணக்கில் வருகிறது: என்னால் முடியுமா, ஆர் பார்க்கிறார்கள், இந்தப் படபடப்புக்கு என்ன அர்த்தம். அக்கா அந்த எல்லைக்குக்கூட வராமலே சய 4இல் நின்றார்.

அவர் சொன்ன கதை

அன்று நடை முடிந்து வாவிக்கரைக் கட்டுமேல் இருந்தோம். வலை வீசுகிறவர்கள் தோணியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டேன், “அக்கா, களைக்குது களைக்குது எண்டு சொல்றீங்க, என்ன மாதிரிக் களைப்பு?”

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. மறுகா சொன்னார். கணவர் ஒரு நாள் பின்னேரம் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். சட்டையெல்லாம் நனைந்து வியர்வை. “களைக்குது, கொஞ்சம் படுக்கிறன்” என்றார். அக்கா பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. “ரீ ஆறிப்போச்சு எண்டு எழுப்பப் போனன் தங்கச்சி.”

எங்கள் பேச்சில் களைக்குது என்பது எத்தனை வேலை செய்கிறது என்று அன்றுதான் நினைத்துப் பார்த்தேன். மூச்சு வாங்கினாலும் களைக்குது. கால் ஓய்ந்தாலும் களைக்குது. நெஞ்சு அடித்துப் பயந்தாலும் களைக்குது. கணவர் கடைசியாகச் சொன்ன சொல்லும் அதுவே. நடக்கத் தொடங்கியதும் எல்லாருக்கும் வரும் மூச்சையும் வியர்வையையும் அக்கா அந்த ஒரே சொல்லால்தான் கூப்பிட்டார், கூப்பிட்டதும் அந்தப் பின்னேரம் வந்து நின்றது. பயந்தால் மூச்சு இன்னும் வேகமாகும், தேவைக்கு மேல் மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும், அதனால் தலை சுற்றும், விரலும் உதடும் விறைக்கும். அந்த விறைப்பைக் கண்டு இன்னும் பயம்.

அதோடு சேர்ந்து இன்னும் இரண்டு விஷயம் வெளியில் வந்தது. மகன் போனில் “நூறுக்கு மேல போனா நில்லுங்கம்மா” என்று சொல்லியிருக்கிறான், அன்பில் சொன்னதுதான். 220இலிருந்து வயதைக் கழிக்கும் கரடுமுரடான கணக்கில் அவருக்கு உச்சம் 167. அவர் பயந்து நின்ற நேரம் கடிகாரம் காட்டியது 118, அதாவது 70% அளவு, மிதமான நடைக்கு எதிர்பார்க்கிறதுதான். ஆனால் நூறு என்று மனதில் கோடு போட்டவருக்கு 118 என்பது சாவுக் கணக்கு. மற்றது, எங்கள் முன்னணி இரண்டு பேரும் ஆறாவது நிமிஷத்தில் உடம்பு சூடாகி வேகம் எடுப்பார்கள், எந்தப் பாதையில் நடந்தாலும். அக்கா விடாமல் கூடவே இழுபடுவார். ஏன் பின்னுக்கு வரவில்லை என்று கேட்டேன். “தனியப் பின்னால போனா எல்லாரும் பாப்பாங்க. மனிசன் செத்து மூணு வருஷம், சப்பாத்துப் போட்டு ரோட்டால போறா எண்டு ஏற்கனவே ஒருத்தி சொன்னவள்.”

ஒன்பதாவது நிமிஷத்தின் மர்மம் அதுதான். ஆறில் வேகம், ஏழில் மூச்சு, எட்டில் கடிகாரம், ஒன்பதில் பயம்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

இதற்கு மேல் நான் தனியாகச் செய்யக் கூடாது என்று அவரின் சம்மதத்தோடு கிளினிக் வைத்தியருக்குச் சொன்னோம், அவர் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கிருந்த ஆலோசகர் சொன்னபடிதான் பின்னுள்ளது நடந்தது. இதயத்தில் பிழை இல்லை என்று உறுதியான பிறகுதான் இதைச் செய்யலாம். வாசிக்கிறவர்கள் தயவுசெய்து அந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

முதலாவது வேகம். முதல் 15 நிமிஷம் அக்காதான் முன்னால், அவரைத் தாண்டி ஒருவரும் போகக் கூடாது. உடற்பருமன் உள்ள பெண்களை அவர்கள் தாமே தெரிந்தெடுத்த வேகத்தை விட வெறும் 10% கூட்டி நடக்கவைத்தபோது இன்பம் இறங்கிக்கொண்டே போனதை எக்கெகாக்கிஸும் லிண்டும் 2006இல் காட்டியிருக்கிறார்கள். பத்து வீதம் என்பது வெளியில் நிற்கிறவர் கண்ணுக்குக்கூடத் தெரியாது. முன்னணி இரண்டு பேருக்கும் இது பிடிக்கவில்லை, அவர்களையும் குறைசொல்ல முடியாது, அவர்களுக்கு வேகம்தான் சந்தோஷம். பிறகு அவர்கள் பத்து நிமிஷம் முந்தி வெளிக்கிட்டு எதிர்ப்பக்கமாக நடக்க ஒத்துக்கொண்டார்கள்.

கடிகாரம் அலுமாரிக்குள் போனது. அதற்குப் பதில் பேச்சுச் சோதனை: நடந்துகொண்டே அம்மன் பாட்டில் ஒரு வரியை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் வேகம் சரி, வரியின் நடுவில் மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும். மகனிடம் மகள் விளக்கமாகப் பேசினாள். அவன் ஒரு நாள் என்னோடும் கதைத்தான், அழுதான், அப்பா செத்தபோது வரமுடியாமல் போனவன்.

மூன்றாவதுதான் முக்கியமானது, கஷ்டமானதும் அதுதான். வீட்டு விறாந்தைப் படியில் ஒரு நிமிஷம் ஏறி இறங்குவது, நெஞ்சு படபடக்க விடுவது, பிறகு கதிரையில் இருந்து அது தானாக அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது. ஓடக் கூடாது, தண்ணீர் தேடக் கூடாது, ஆரையும் கூப்பிடக் கூடாது. பயப்படும் உணர்வை வேண்டுமென்றே வரவழைத்து, அது ஒன்றும் செய்யாமல் போவதை உடம்புக்குக் காட்டுவது. முதல் நாள் அடங்க ஆறு நிமிஷம் எடுத்தது என்று மகள் எழுதிவைத்தாள், பத்தாவது நாள் இரண்டு நிமிஷம். இதோடு களைக்குது என்ற சொல்லுக்கு விடுமுறை. ‘மூச்சு வாங்குது’, ‘கால் சோருது’, ‘பயம் வருது’, இந்த மூன்றில் எது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பேத்தி இதை ஒரு விளையாட்டாக எடுத்து “அம்மம்மா, எது எது?” என்று பின்னால் திரிந்தாள்.

கடைசி எட்டு நிமிஷம் மெதுநடை, பிறகு கரைக் கட்டுமேல் இருந்து கதை. கடுமையில் தொடங்கி இலகுவில் முடிக்கும் பயிற்சியை ஆட்கள் பிறகு நினைக்கும்போது நல்லதாக நினைக்கிறார்கள் என்று 2016இல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. நாளைக்கு வருவாரா இல்லையா என்பது அந்த நினைவில்தான் தங்கியிருக்கிறது.

ஒன்றை நிறுத்தினேன்: “பயப்படாதீங்க அக்கா” என்று சொல்வதை. இருபது தடவையாவது சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அது பயப்பட ஏதோ இருக்கிறது என்றுதான் அவருக்குக் கேட்டிருக்கிறது.

மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை இப்படிப் போனது. 12 நிமிஷம், 15, பிறகு 22. கதிர்காமக் கதை வெளியில் வந்ததும் இந்த நாட்களில்தான். கதிர்காமத்து ஆடிவேல் திருவிழா நெருங்கியதால் ஆரோ பேச்செடுக்க, “நான் உகந்தையால நடந்து போனவள்தானே” என்று சாதாரணமாகச் சொன்னார். நாங்கள் எல்லாரும் நின்றுவிட்டோம். அந்த நடையில் மூச்சு வாங்கவில்லையா என்று கேட்டேன். “வாங்கினதுதான். அப்ப அது முருகன்ட பாதை, ஒண்டும் நினைக்கல்ல.” அதே மூச்சு. அன்றைக்கு அதற்கு வேறு அர்த்தம். பின்னர் தயங்கிய நாட்களில் நான் வேறு உதாரணம் தேடவே இல்லை.

கச்சான் காலத்துச் சறுக்கல்

ஜூலையில் ஒரு நாள் காலையில் வரமுடியாமல் பின்னேரம் நாலரைக்கு மகளோடு நடக்கப் போயிருக்கிறார். கச்சான் காற்று அனலாக அடிக்கும் நாட்கள். வெக்கையில் உடம்பைக் குளிராக்க இரத்தம் தோலுக்குப் போக வேண்டியிருப்பதால் அதே வேகத்துக்கே இதயம் கூட அடிக்கும். எட்டாவது நிமிஷத்தில் நின்றுவிட்டார், ஆட்டோவில் வீடு. அடுத்த 11 நாள் வரவில்லை. “எல்லாம் திரும்ப வந்திட்டு தங்கச்சி” என்றார் போனில்.

வெக்கையைப் பற்றி நான் முன்கூட்டியே சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. உடற்கல்வி ஆசிரியைக்கு இது தெரியாத விஷயமா? இத்தனைக்கும் பிள்ளைகளை அந்த மாதங்களில் மத்தியானம் மைதானத்தில் விடமாட்டேன். திரும்ப விறாந்தைப் படியிலிருந்து தொடங்கினோம், இந்த முறை இரண்டு வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிட்டார்.

ஒக்டோபரில் நிலைமை

ஒக்டோபரில் வாரத்துக்கு ஐந்து நாள், 30 நிமிஷம் நடந்தார். கஷ்டம் 12, 13 என்பார், உணர்வு சக 2 அல்லது 3. அதே பன்னிரண்டுதான், மாறியது மற்ற எண். செப்டெம்பரில் இரண்டு தடவை படபடப்பு வந்தது, “பயம் வருது, களைப்பு இல்ல” என்று சொல்லிக்கொண்டு மெதுவாக நடந்து கடந்துவிட்டார். மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு (HbA1c) 8.3%இலிருந்து 7.4%க்கு இறங்கியது, ஆனால் மே மாதம் குளிசையின் அளவையும் கூட்டியிருந்தார்கள், ஆகவே எவ்வளவு நடையால் என்று பிரிக்க முடியாது.

முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பாலத்து ஏற்றத்தில் இன்னும் தனியாக ஏறமாட்டார். வேகக் குழுவோடு சேரவும் விருப்பமில்லை, தேவையும் இல்லை. நவம்பர் மழையில் வீதியெல்லாம் வெள்ளம் நின்றபோது வீட்டுக்குள்ளேயே நடந்தார். டிசம்பர் 26, இருபதாவது வருஷ நினைவுநாள், கடற்கரைக்குப் போய் விளக்கேற்றி அழுதார். நான் பக்கத்தில் நின்றேன். அழுகைதான் வந்தது, படபடப்பு வரவில்லை. கடல் அவருக்குத் துக்கம். அவரின் பயம் இருந்தது வேறிடத்தில்.

இப்போது மாற்றியிருப்பவை

புதிதாக வருகிறவரிடம் வருத்தம், குளிசை, வைத்தியர் அனுமதி கேட்பதோடு, வீட்டில் ஆருக்காவது நெஞ்சுவருத்தம் வந்ததா, அப்போது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா என்றும் கேட்கிறேன். கடைசியாக எப்போது நன்றாக நடந்தீர்கள் என்றும். வட்ஸ்அப்பில் தினமும் எத்தனை அடி நடந்தோம் என்று போடும் வழக்கத்தை நிறுத்திவிட்டேன். பத்தாயிரம் போடுகிறவர்கள் ஊக்கம் கொடுப்பதாகத்தான் நினைத்தார்கள், ஆனால் இரண்டாயிரம் நடந்தவர்கள் ஒருவரும் அங்கே வாய்திறந்ததில்லை, அதை நான் முன்பே கவனித்திருக்க வேண்டும்.

இரண்டு கேள்வியும் இப்போது முதல் நாளிலிருந்தே எல்லாரிடமும் கேட்கப்படுகின்றன. கஷ்டம் குறைவாகவும் உணர்வு மோசமாகவும் இரண்டு நாள் தொடர்ந்து வந்தால், மருத்துவப் பக்கம் சரியா என்று பார்த்துவிட்டு, தனியாக இருந்து கதைக்கிறேன். பாதையை மாற்றுவது போன்ற பெரிய முடிவை ஆளைக் கேட்காமல் எடுப்பதில்லை. குழு திரும்பக் கடற்கரை வீதிக்கே வந்துவிட்டது, அதைக் கேட்டதும் அக்காதான். இந்த வருஷம் கச்சான் தொடங்கமுதல் புறப்படும் நேரத்தை 4.50க்கு முன்னுக்கு எடுக்கிறோம். பின்னேரம் நடந்தே ஆக வேண்டியவர்களுக்கு வேகத்தைப் பாதியாக்கச் சொல்லியிருக்கிறேன், அன்றைக்கு நெஞ்சு கூட அடிக்கும் என்பதையும் காரணத்தோடு முதலே சொல்லிவைத்திருக்கிறேன்.